பால் கணக்கு நோட்டில் ஒரு ரத்தக் கணக்கு



"அடுத்த தடவை வற்றல், வடாம் பற்றி எழுதுகிறேன்" என்று போன இதழில் சொல்லியிருந்தேன். வெயிலும் நன்றாகத்தான் காய்கிறது. ஆனால் நடுவில் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. அவருடைய தகப்பனாருக்குப் பிராஸ்டேட் புற்றுநோயாம். கதிர்வீச்சு மருந்தை ஊசி மூலம் ஏற்றப் போகிறார்களாம். "அதை ஏற்றினால் ரத்தமே கெட்டுப் போகும் என்று ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்களே அக்கா! உங்கள் மாமனாருக்கும் இதே வைத்தியம்தான் நடந்தது என்று ஒருமுறை எழுதியிருந்தீர்களே, அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறார். வடாம் இன்னும் பதினைந்து நாள் பொறுக்கும். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்வது பொறுக்காது.

"ஆண்களுக்கு வரும் நோயைப் பற்றிப் பெண்கள் பத்திரிகையில் எதற்கு?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நோய் யாருக்கு வந்தால் என்ன, மருந்து வேளையை நினைவில் வைப்பதும், கஞ்சி வைப்பதும், ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பத்திரப்படுத்துவதும் நாம்தானே? நான் ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள். டாக்டர் இல்லை. எங்கள் வீட்டில் நடந்ததையும், டாக்டர்கள் எனக்குப் புரியும்படி சொன்னதையும், நானே தேடிப் பிடித்துத் தெரிந்துகொண்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

மாமாவின் நோய்

என் மாமனார் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தாம்பரத்தில் எங்களோடு வந்து இருக்கிறார். கொல்லையில் நாலு பாத்தி கீரை, இரண்டு வாழை, ஒரு கறிவேப்பிலை என்று அவர் உலகமே அதுதான். 2017-ல் இரவில் அடிக்கடி சிறுநீருக்கு எழுந்திருக்க ஆரம்பித்தார். "வயசானால் அப்படித்தான்" என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு பரிசோதித்ததில் பிராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. பிராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மூத்திரப் பைக்குக் கீழே இருக்கும் ஒரு சுரப்பி. கொட்டைப்பாக்கை விடக் கொஞ்சம் பெரிது. வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுத்தார்கள். ஹார்மோன் ஊசி போட்டார்கள். ஐந்து வருஷம் நன்றாகவே இருந்தார்.

2022-ல் இடுப்பு எலும்பில் வலி. நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. கீமோதெரபி கொடுத்தார்கள். அதற்கும் கொஞ்ச காலம் அடங்கிப் பிறகு தலைதூக்கியது. 2024-ல்தான் டாக்டர் இந்த லுடீசியம் வைத்தியத்தைச் சொன்னார்.

எனக்கு அவர் விளக்கியது இப்படி: பிராஸ்டேட் புற்றுநோய் அணுக்களின் மேல்தோலில் பி.எஸ்.எம்.ஏ. என்ற ஒரு புரதம் ஏராளமாக இருக்கிறது. அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தோடு லுடீசியம்-177 என்ற கதிரியக்கப் பொருளைக் கோத்துவிடுகிறார்கள். வீட்டு விலாசம் தெரிந்த தபால்காரர் கையில் ஒரு சிறு தணலைக் கொடுத்து அனுப்புவது போல என்று நான் புரிந்துகொண்டேன். அதன் கதிர் உடம்புக்குள் அதிகம் போனால் 2 மில்லிமீட்டர் தூரம்தான் பாயும். ஏறக்குறைய 6.6 நாளில் அதன் வீரியம் பாதியாகிவிடும். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு தடவை வரை கொடுப்பார்கள். மும்பை டிராம்பேயில் இருக்கும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துருவா உலையில் இந்த லுடீசியத்தை நம் நாட்டிலேயே தயாரிக்கிறார்கள் என்பதைக் கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பலன் எப்படி? 831 நோயாளிகளை வைத்து வெளிநாடுகளில் நடத்திய பெரிய ஆராய்ச்சி ஒன்று 2021-ல் வெளியானது. நோய் முற்றி, மற்ற வைத்தியங்களையெல்லாம் பார்த்துவிட்டவர்கள் அவர்கள். வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்கள் நடுவாந்திரமாக 11.3 மாதம் இருந்தார்கள். லுடீசியமும் சேர்த்துப் பெற்றவர்கள் 15.3 மாதம். "நாலு மாசம்தானா?" என்று என் கணவர் முகம் வாடிப்போனார். மாமாதான், "நாலு மாசம்ங்கிறது நடுக் கணக்குடா. பாதிப் பேர் அதுக்கு மேலயும் இருப்பாங்க. நான் எந்தப் பாதியிலே இருக்கேன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். கணக்கு வாத்தியாரிடம் வாயைக் கொடுக்க முடியுமா!

வளைகாப்பு நாள்

முதல் ஊசி 2024 ஜூனில் ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சில நாள் கட்டுப்பாடு உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும், இரண்டு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும். துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். தனி அறையில் படுக்க வேண்டும். சின்னக் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிப் பெண்களிடமிருந்தும் ஏழு நாளாவது மூன்றடி தள்ளியே இருக்க வேண்டும். கர்ப்பிணி இருக்கும் அறையில் பதினைந்து நாள் படுக்கக் கூடாது. இதெல்லாம் எங்களுக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் சொல்வதுதான் சட்டம்.

மூன்றாவது ஊசி செப்டம்பர் ஆரம்பத்தில். அது முடிந்து ஐந்தாம் நாள் பெரிய நாத்தனாரின் மகளுக்கு வளைகாப்பு. எங்கள் வீட்டுக் கூடம்தான் பெரிது என்று முன்பே அங்கே ஏற்பாடாகியிருந்தது. அந்தப் பெண் மாமா தோளிலேயே வளர்ந்தவள். அன்று அவர் கொல்லைப்புற வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அவள் கை நிறைய வளையலோடு கூடத்திலிருந்தே, "தாத்தா, இங்க பாருங்க!" என்று ஆட்டிக் காட்டினாள். அவர் அங்கிருந்தபடியே அட்சதையைத் தூவினார். பாதி கீரைப் பாத்தியில்தான் விழுந்தது.

அன்றைக்கே கவனித்தேன். படியிலிருந்து எழுந்தவர் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நோட்டில் இறங்கிய எண்கள்

என்னிடம் ஒரு பழக்கம். பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து மாமாவின் ரத்தப் பரிசோதனை எண்களைத் தேதி போட்டு எழுதி வருவேன். முதல் ஊசிக்கு முன்னால் ஹீமோகுளோபின் 11.2, வெள்ளையணு 5,600, தட்டணு 1,90,000. மூன்றாவது ஊசிக்கு அப்புறம் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கி, அக்டோபர் கடைசியில் ஹீமோகுளோபின் 7.9, வெள்ளையணு 2,900, தட்டணு 48,000 என்று வந்து நின்றது. தட்டணு என்பது ரத்தம் உறைய உதவுவது. டெங்கு சமயத்தில் எல்லோரும் 'ப்ளேட்லெட்' என்று பேசுவோமே, அதுதான். சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

ஆனால் அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இறங்கியிருந்தது. நோயின் அளவைக் காட்டும் பி.எஸ்.ஏ. 186 இருந்தது, 21 ஆகியிருந்தது. எலும்பு வலிக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை மாமா நிறுத்தியே ஒரு மாதம் ஆகியிருந்தது. நோயும் இறங்குகிறது, ரத்தமும் இறங்குகிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா, அழுவதா?

அத்தை விடுவாரா? பீட்ரூட், மாதுளை, பேரீச்சை என்று ஆரம்பித்து, டெங்குக்குக் கொடுப்பார்களே என்று பப்பாளி இலைச் சாறும் பிழிந்து கொடுத்துவிட்டார். எனக்குத் தெரியாது. மாமா ராத்திரி முழுக்க வாந்தி. டாக்டரிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "இரும்புச் சத்துக் குறைஞ்சு வந்த சோகை இல்லம்மா இது. ரத்தம் உற்பத்தியாகிற இடத்திலேயே வேலை மந்தமாயிருக்கு. மாதுளை சாப்பிடட்டும், நல்லதுதான். சாறு, லேகியம்னு எது கொடுத்தாலும் எங்ககிட்டே சொல்லிட்டுக் கொடுங்க" என்றார். நாலாவது ஊசியைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

அந்த ஒரு சொல்

லுடீசியம் ஆரம்பிப்பதற்கு முன்னால், வேறு மாத்திரை ஏதாவது பொருந்துமா என்று பார்க்க மாமாவின் ரத்தத்தை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதில் ஏதோ ஒன்று சிறிய அளவில் இருந்ததாகவும், கவனித்துக்கொள்வோம் என்றும் டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார். எண்கள் இறங்கியதும் மறுபடி அனுப்பினார்கள். அறிக்கை என் கணவரின் போனுக்கு வந்தது. அவர் ஆபீசில் இருந்ததால் எனக்கு அனுப்பிவைத்தார்.

பாதி புரியவில்லை. ஆனால் 'மியூட்டேஷன்' என்ற சொல்லும், பிபிஎம்1டி என்ற பெயரும், பக்கத்தில் ரத்தப் புற்றுநோய் என்றும் இருந்தது மட்டும் கண்ணில் பட்டது. எனக்குப் பகீரென்றது. மரபணு என்றால் வழிவழியாக வருவதுதானே? அப்படியானால் என் கணவருக்கு? பிளஸ் ஒன் படிக்கும் என் பிள்ளைக்கு? அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன். அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் ராத்திரியெல்லாம் விழித்துக் கிடந்தேன்.

அந்த ஒரு ராத்திரியை வேறு எந்தப் பெண்ணும் அனுபவிக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மறுநாள் ரத்த நோய் நிபுணரான ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். உட்கார்ந்ததும் நான் முதலில் கேட்டது அதைத்தான். அவர் சொன்னார்: "இது அப்பா, தாத்தாகிட்டேருந்து வந்ததும் இல்லை, பிள்ளைக்குப் போறதும் இல்லை. இவர் உடம்பிலே, இவருடைய எலும்பு மஜ்ஜையிலே, இவர் ஆயுசிலே ஏற்பட்ட மாற்றம். இவரோட நின்னுடும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார். பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறு வேறு. பரவிய பிராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 12 பேருக்கு அப்படி இருப்பதாக 2016-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. அது இருந்தால் பிள்ளைகள், பெண்கள் எல்லோருமே கவனமாக இருக்க வேண்டும். மாமாவுக்கு அது இல்லை என்று தனியாகப் பார்த்துவிட்டார்கள். ஆக, 'மியூட்டேஷன்' என்று காகிதத்தில் இருந்தால், "இது பிறவியில் வந்ததா, புற்றுநோய்க் கட்டியில் இருப்பதா, ரத்த அணுவில் பின்னால் வந்ததா?" என்று கேளுங்கள். கையிலிருந்து எடுக்கும் ரத்தத்தில் மூன்றுமே கலந்து தெரியும். ரத்த அணுவில் இருப்பதைக் கட்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் பொருந்தாத மருந்தைக் கொடுத்துவிடவும் இடம் உண்டாம். அதனால் ரத்த அணுக்களைத் தனியே பிரித்தும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

கீரைப் பாத்தியும் கோரையும்

இனி, அந்த மாற்றம் என்ன என்று பார்ப்போம். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னதை மாமாவின் கீரைப் பாத்தியை வைத்து நான் புரிந்துகொண்டேன்.

நம் உடம்பில் ஒரு நாளைக்கு 20,000 கோடிச் சிவப்பணுக்கள் புதிதாக உண்டாகின்றன. இவ்வளவையும் உண்டாக்கும் தாய் அணுக்கள் எலும்பு மஜ்ஜைக்குள் இருக்கின்றன. அவை ஏறத்தாழ 50,000 முதல் 2 லட்சம்தான். வயதாக ஆக, ஒவ்வொரு தாய் அணுவிலும் சின்னச் சின்ன எழுத்துப் பிழைகள் சேரும். பெரும்பாலானவற்றால் ஒன்றும் ஆகாது. ஏதோ ஒன்றில் மட்டும் பிழையான இடம் அந்த அணுவுக்குச் சாதகமாகிவிட்டால், அது மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். அதன் சந்ததி ரத்தத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். எழுபது வயது தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்காவது இப்படி இருக்கிறது என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். நோய் என்றே பெரும்பாலோருக்குத் தெரியாது. இவர்களில் ஒரு வருஷத்தில் ரத்தப் புற்றுநோயாக மாறுவது நூற்றுக்கு ஒருவரோ, அதற்கும் குறைவோதான். ஆனால் மாரடைப்பு வரும் வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல் என்பதால் ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் அடக்கி வைக்கச் சொல்கிறார்கள்.

வயதினால் வருவது பெரும்பாலும் டிஎன்எம்டி3ஏ, டெட்2 என்ற இடங்களில் வருமாம். மாமாவுக்கு இருந்த பிபிஎம்1டி வேறு வகை. கதிர்வீச்சும் சில கீமோ மருந்துகளும் பட்டவர்களுக்கு பிபிஎம்1டி, டிபி53, செக்2 என்ற மூன்று இடங்களில் பிழையுள்ள அணுக்கள் மேலோங்குவதாக 2020-ல் வெளிவந்த பெரிய ஆராய்ச்சி சொல்கிறது. லுடீசியம் பெற்றவர்களிடமும் இதே வகை அணுக்கள் வைத்தியத்துக்குப் பிறகு பெருகுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

ஏன்? அணுவுக்கு அடிபட்டால் உள்ளே ஒரு அபாய மணி அடிக்கும். "வேலையை நிறுத்து, பழுது பார், முடியாவிட்டால் செத்துப் போ" என்று அதற்கு அர்த்தம். அந்த மணியை அடிப்பது டிபி53. பழுது சரியானதும் மணியை அமர்த்துவது பிபிஎம்1டி. அதில் பிழை வந்தால் எப்போதும் மணியை அமர்த்திக்கொண்டே இருக்கும். குக்கரின் விசில் அடைத்துக்கொண்டது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு கொதித்தாலும் சத்தம் வராது. கதிர் பட்டதும் ஒழுங்கான தாய் அணுக்கள் மணிக்குக் கட்டுப்பட்டு நிற்கின்றன, சில மடிகின்றன. விசில் அடைத்த அணு எதையும் கேட்காமல் பெருகுகிறது. கடும் வெயிலில் கீரை வாடிய இடத்தில் கோரை படர்கிறதே, அதே கதைதான். கோரையை வெயில் புதிதாக விதைக்கவில்லை. அது முன்பே மண்ணுக்குள் ஒரு கிழங்காக இருந்தது.

மாமாவுக்கும் அப்படியே. லுடீசியத்துக்கு முன்பே அந்த அணுக்கள் நூற்றுக்கு நாலு இருந்தன. 2017-ல் பெற்ற கதிர்வீச்சிலிருந்தே வளர ஆரம்பித்திருக்கலாம் என்றார்கள். மூன்று ஊசிக்குப் பிறகு நூற்றுக்குப் பதினொன்று.

"விலாசம் பார்த்துப் போகிற மருந்து மஜ்ஜையை ஏன் தொடுகிறது?" என்று கேட்டேன். இரண்டு காரணமாம். ஊசி போட்டதும் மருந்து கொஞ்ச நேரம் ரத்தத்தோடு உடம்பெல்லாம் சுற்றுகிறது. அடுத்தது, நோயே எலும்பில் குடியிருக்கும்போது 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும் பக்கத்து மஜ்ஜைக்கும் சூடு படத்தான் செய்யும். நான் சொன்ன அந்த 831 பேர் ஆராய்ச்சியிலும் லுடீசியம் பெற்றவர்களில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குக் கடுமையான சோகை வந்தது. கதிருக்கும் மஜ்ஜைக்கும் உள்ள பகை புதிதல்ல. ரேடியத்தைக் கண்டுபிடித்த மேரி க்யூரி அம்மையார் 1934-ல் இறந்ததே மஜ்ஜை ரத்தம் ஊறாமல் நின்றுபோன நோயினால்தான்.

யார் முடிவு செய்வது?

டாக்டரம்மா மஜ்ஜையிலிருந்து ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார். இடுப்பு எலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் எடுத்தார்கள். இருந்தும் மாமா என் கணவர் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். பத்து நாள் காத்திருந்தோம். ரத்தப் புற்றுநோய் இல்லை, அதற்கு முந்திய நிலையும் இல்லை என்று வந்தது. இதற்குள் தட்டணு மெல்ல ஏறி 92,000 ஆகியிருந்தது.

இப்போது கேள்வி, நாலாவது ஊசி போடுவதா வேண்டாமா என்பது. வீட்டில் இரண்டு கட்சி. "ரத்தம் கெட்டதே இந்த ஊசியாலேதான், போதும்" என்றார் பெரிய நாத்தனார். "நோய் திரும்பினா என்ன செய்யறது?" என்றார் என் கணவர். அப்பாவிடம் மரபணு விஷயத்தைச் சொல்லவே வேண்டாம், பயந்துவிடுவார் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று. எனக்கு மனம் ஒப்பவில்லை. சகோதரிகளே, மருமகள் இந்த மாதிரி இடத்தில் வாயைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும், "அவர் உடம்பு, அவர் கணக்கு. அவர்கிட்டேயே கேட்டுடலாங்க" என்றேன். நாத்தனார் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

டாக்டர் முன்னிலையிலேயே மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். பால் கணக்கு நோட்டையும் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"ஏம்மா, நீ ஏழும் ஒண்ணும் ஒரே மாதிரி போடறே" என்றார் முதலில். அப்புறம் டாக்டரிடம், "இந்த ரத்தச் சமாசாரம் முத்தறதுக்கு எவ்வளவு நாள் ஆகும்?" என்றார்.

"முத்தாமலே போகலாம் சார். முத்தினாலும் பெரும்பாலும் வருஷக் கணக்கு."

"பழைய நோயைச் சும்மா விட்டா?"

"அது மாசக் கணக்கு."

மாமா நோட்டை மூடினார். "அப்ப மாசத்தை முதல்ல பார்ப்போம். வருஷம் வந்தா அதை அப்புறம் பார்ப்போம். ஆனா ஒண்ணு டாக்டர். பேத்திக்கு இந்த மாசம் பிரசவம். குழந்தையை மடியிலே வெச்சுக்கிட்டு அப்புறம்தான் ஊசி."

டாக்டரும் எப்படியும் எண்கள் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருக்கத்தான் நினைத்திருந்தார். நவம்பர் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. எட்டு நாள் மாமா தினமும் போய் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிசம்பரில் மருந்தின் அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து நாலாவது ஊசி. அதோடு நிறுத்திவிட்டார்கள்.

இது மாமாவுக்கு எடுத்த முடிவு. அவருக்கு வயது 74, நோய் பரவியிருந்தது. எல்லோருக்கும் இதே கணக்கு வராது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இந்த மருந்தை முதலில் 2022 மார்ச்சில் அனுமதித்தபோது கீமோவும் பார்த்துவிட்டவர்களுக்குத்தான் என்றிருந்தது. 2025 மார்ச்சில், கீமோவைத் தள்ளிப்போடலாம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கும் அதை அனுமதித்தார்கள். முன்கூட்டியே போட்டுக்கொண்டு பல வருஷம் வாழப்போகிறவர்களுக்கு அந்த 'வருஷக் கணக்கு' முக்கியமாகிவிடுகிறது. அதனால்தான் டாக்டர்கள் இப்போது இந்த ரத்த அணு மாற்றங்களை இவ்வளவு கவனமாக ஆராய்கிறார்கள்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு

உங்கள் அப்பாவுக்கு ரத்தம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்கள் பாதிதான் சொல்கிறார்கள். பெரும்பாலோருக்கு எண்கள் இறங்கினாலும் திரும்ப ஏறுகின்றன. ஆகவே பயந்துகொண்டு மறுக்கவும் வேண்டாம், ஒன்றும் ஆகாது என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். என் அனுபவத்தில் உதவியவை இவை:

1. ஊசிக்கு முந்தைய ரத்த எண்களிலிருந்தே நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். ஹீமோகுளோபின், வெள்ளையணு, தட்டணு, பி.எஸ்.ஏ. நாலும் போதும். ஒரு நாள் எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பது டாக்டருக்கு அதிகம் சொல்லும்.

2. முன்பு பெற்ற கதிர்வீச்சு, கீமோ இவற்றின் காகிதங்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவை எல்லாம் சேர்ந்த கணக்குத்தான் மஜ்ஜையின் கணக்கு.

3. மரபணுப் பரிசோதனை செய்திருந்தால், ரத்த அணுவில் மாற்றம் ஏதாவது இருந்ததா என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள்.

4. காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால், ஈறில் ரத்தம் கசிந்தால், தோலில் கடுகு தூவியதுபோல் சிவப்புப் புள்ளிகள் வந்தால், மலம் தார் போலக் கறுத்தால், நாலடி நடந்தாலே மூச்சு வாங்கினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

5. வாய் உலர்ந்து போகும். உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து, மோரை நீர்க்கக் கரைத்துக் கொடுங்கள். காரத்தைக் குறையுங்கள்.

6. வைத்தியம் முடிந்தாலும் ரத்தப் பரிசோதனையை நிறுத்தாதீர்கள். இந்த மாற்றம் பின்னால்தான் வேலையைக் காட்டும்.

மாமாவுக்கு இப்போது 76 நடக்கிறது. தட்டணு ஒரு லட்சத்துப் பத்தாயிரத்தில் நிற்கிறது. முன்போல ஒன்றரை லட்சத்துக்கு ஏறவில்லை. அந்த அணுக்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு. பி.எஸ்.ஏ. 9 வரை இறங்கி, இரண்டு மாதமாக மெல்ல ஏறி 14 ஆகியிருக்கிறது. அடுத்து என்ன என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். கொள்ளுப்பேத்தி தத்தித் தத்தி நடந்து கீரைப் பாத்தியை மிதிக்கிறாள். அவர் திட்டுவதே இல்லை.

வரும் வியாழக்கிழமை அடுத்த ரத்தப் பரிசோதனை. நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறேன். ஏழை இப்போது குறுக்குக் கோடு போட்டுத்தான் எழுதுகிறேன்.

வடாம் அடுத்த இதழில், நிச்சயமாக.